ஆய்வேட்டுக்கு எந்த உசாத்துணை முறை? ஏ.பி.ஏ.யா, ஹாவார்டா, அடிக்குறிப்பா?

கிண்ணியா மாணவி:

எல்லோருக்கும் ஸலாமும் வணக்கமும். நான் இறுதியாண்டு மாணவி. ஆய்வேட்டைத் தமிழில்தான் எழுதுகிறேன். கொட்டியாரக் குடாவை அண்டிய மீனவக் குடும்பங்கள் காற்று, கடல் நிலை பற்றிய செய்திகளை எங்கிருந்து பெறுகின்றன, யார் சொன்னால் நம்புகின்றன என்பதுதான் என் தலைப்பு. மூதூரிலும் கிண்ணியாவிலும் நேர்காணல்களை எடுத்து முடித்துவிட்டேன். இலக்கிய மீளாய்வு முக்கால்வாசி எழுதியாயிற்று.

இப்போது உசாத்துணையில், அதாவது எடுத்தாண்ட மூலங்களைக் குறிப்பிடுவதில், வந்து நிற்கிறேன். ஏதாவது ஒரு முறையைச் சீராகப் பின்பற்றினால் போதும் என்ற அளவில்தான் எங்களுக்கான கையேடு சொல்கிறது. முந்திய வருடத்து அக்கா ஒருவர், வரியிலேயே ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குள் போடும் ஹாவார்ட் முறையைப் போடச் சொல்கிறார். நான் வாசித்த ஆங்கிலக் கட்டுரைகளில் முக்கால்வாசி, அதே போலப் பெயரும் ஆண்டும் போடும் ஏ.பி.ஏ. முறை. நூலகத்தில் எடுத்துப் பார்த்த பழைய தமிழ் ஆய்வேடுகளிலோ பக்கத்தின் அடியில் எண் போட்டு "மேலது, ப. 45" என்று போகிறது. மூன்றுமே சரிபோலத் தெரிகிறது. எதை எடுப்பது?

என்னிடம் இருக்கும் மூலங்களும் ஒரே மாதிரி இல்லை. ஆங்கில ஆய்வுக் கட்டுரைகள், ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் "நூலகம்" இணையத்தளத்தில் எடுத்த இரண்டு பழைய தமிழ் நூல்கள், வளிமண்டலவியல் திணைக்களத்தின் இணையப் பக்கங்கள், கண்டி அரசனிடம் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் எழுதிய புத்தகம், அப்புறம் நேர்காணல்கள். மீனவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்த குரல் பதிவுகளும் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எப்படிப் போடுவது என்றே விளங்கவில்லை. நமது பெயர்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லையே, அதை என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லித் தாருங்கள்.

உவர்மலைத் தம்பி:

தங்கச்சி, முறையைப் பற்றி யோசித்து மண்டையை உடைக்க வேண்டாம். முதலில் ஸொட்டெரோ மென்பொருளைக் கணினியில் நிறுவுங்கள். இலவசம். அமெரிக்காவில் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006இல் தொடங்கிய திட்டம், இன்றும் நன்றாக ஓடுகிறது. கட்டுரை என்றால் அதன் டி.ஓ.ஐ. எண் (இணையத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள தனி அடையாள எண்), புத்தகம் என்றால் ஐ.எஸ்.பி.என். எண், இதை ஒட்டினால் ஆசிரியர், ஆண்டு, சஞ்சிகை எல்லாம் தானாக வந்து நிற்கும். வேர்டுக்குள்ளேயே அதற்கு ஒரு பட்டை வரும். எழுதும்போது அங்கிருந்தே மேற்கோளைச் செருகலாம், கடைசியில் பட்டியலையும் அதுவே போட்டுத் தரும்.

நான் பொறியியல் பக்கம். எங்களுக்கு ஐ.இ.இ.இ. முறை, சதுர அடைப்புக்குள் எண். நாளைக்கே யாராவது ஏ.பி.ஏ.யில் கேட்டால் இரண்டு சொடுக்கில் மாற்றிக் கொடுத்துவிடுவேன். இதற்கு ஏன் இவ்வளவு கவலை?

உப்புவெளி வாசகி:

மகள், நான் திருகோணமலையில் ஒரு நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில் நீண்டகாலம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். இப்போது வீட்டிலிருந்து ஆய்வேடுகளை ஒப்புநோக்கிக் கொடுக்கிறேன். உங்கள் கேள்வி எனக்கு மிகவும் வேண்டிய கேள்வி என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

தம்பி சொன்ன ஸொட்டெரோவை நானும் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன். ஆனால் இரண்டு சொடுக்கில் எல்லாம் மாறிவிடாது. "கைலாசபதி (1968) காட்டுவது போல" என்று ஆசிரியரின் பெயரை வைத்து எழுதிய வசனமும், கருத்தை மட்டும் சொல்லி முடிவில் [4] என்று போட்ட வசனமும் ஒரே மாதிரி நடப்பதில்லை. எண் முறையில் எழுதிய அத்தியாயத்தைப் பெயர், ஆண்டு முறைக்கு மாற்றினால் வரிக்கு வரி அடைப்புக்குறி வந்து இடறும். அதனால் முறையை இப்போதே தீர்மானித்துவிடுங்கள். எழுதி முடிக்கட்டும் என்று தள்ளிப் போட வேண்டாம்.

முதல் வேலை, உங்கள் மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். "ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பைப் பின்பற்ற விரும்புகிறேன், சம்மதமா?" என்று ஒரு மின்னஞ்சல் போதும். "எதைப் பின்பற்றுவது?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் பிந்தும். சம்மதமா என்று கேட்டால் அன்றே ஒரு வரியில் பதில் வரும். அந்தப் பதிலைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

ஹாவார்ட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1881இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்து விலங்கியல் அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் மார்க் தன் கட்டுரை ஒன்றில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குள் இட்டார். அந்த வழக்கம்தான் பரவியது. ஹாவார்ட் என்ற பெயர் நிலைத்தாலும், எல்லோருக்கும் பொதுவான ஒரே கையேடு அதற்குக் கிடையாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. ஒன்றில் ஆண்டு அடைப்புக்குள் வரும், இன்னொன்றில் வராது. ஒன்றில் வெளியீட்டு இடம் வேண்டும், இன்னொன்றில் வேண்டாம். ஆகவே யாராவது ஹாவார்ட் போடு என்றால், எந்தப் பல்கலைக்கழகத்தின் வழிகாட்டி என்று கேட்டு வாங்குங்கள். ஏ.பி.ஏ.யில் அந்தத் தொல்லை இல்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2019 ஒக்டோபரில் வெளியிட்ட ஏழாம் பதிப்புத்தான் இப்போது நடைமுறையில் இருக்கிறது. பழைய வேர்ட் மென்பொருள்களில் ஆறாம் பதிப்பு மட்டுமே இருக்கும், அதைக் கவனியுங்கள். ஏழாம் பதிப்பில் புத்தகத்துக்கு வெளியீட்டு நகரம் எழுத வேண்டியதில்லை. மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து எழுதியிருந்தால் முதல் தடவையே முதலாமவர் பெயரோடு "மற்றும் பிறர்" போட்டுவிடலாம்.

உங்கள் தலைப்புக்கு நான் ஏ.பி.ஏ. என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கடற்கரை மக்களுக்கு எச்சரிக்கைச் செய்தி எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை எழுதுகிறீர்கள். அந்த விடயத்தில் ஒரு கட்டுரை 2004 ஆழிப்பேரலைக்கு முன் வந்ததா பின் வந்ததா, கைபேசி கரைக்கு வந்த பிறகு எழுதியதா என்பது பெரிய வேறுபாடு. ஆண்டு வரியிலேயே கண்ணில் பட்டால் பரீட்சகர் பட்டியலைப் புரட்டாமலே உங்கள் வாதத்தைத் தொடரலாம். எண் போட்டால் அது மறைந்துவிடும்.

இதே திருகோணமலையில் இன்னொரு பிள்ளை கோணேசர் கோயில் பற்றிய போர்த்துக்கேய, ஒல்லாந்த ஆவணங்களை வைத்து எழுதினால் நான் சிகாகோ அடிக்குறிப்பு முறையைத்தான் சொல்வேன். ஆவணக் காப்பகத்துக் கோப்புக்கு எண் இருக்கும், தாள் இருக்கும், எழுதியவர் யாரென்று தெரியாது, திகதி பாதி அழிந்திருக்கும். அதையெல்லாம் இரண்டு சொல் அடைப்புக்குள் அடக்க முடியாது. அடிக்குறிப்பில்தான் விளக்கத்துக்கு இடம் உண்டு. நீங்கள் பார்த்த பழைய ஆய்வேடுகள் பெரும்பாலும் வரலாறும் இலக்கியமும்தானே? அவர்களுக்கு அது பொருந்தியது. தேவாரத்தை மேற்கோள் காட்டுபவர்கள் பக்க எண் போடுவதே சரியில்லை. சம்பந்தர் கோணமலைக்குப் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் 123ஆவது. 3.123 என்று போட்டு அதன்பின் பாடல் எண்ணையும் போட்டால் எந்தப் பதிப்பைக் கையில் வைத்திருப்பவரும் கண்டுபிடிப்பார். பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

நொக்ஸுக்கு வருவோம். உங்கள் கொட்டியாரக் குடாவில்தான் அவர் 1660இல் பிடிபட்டார். புத்தகம் லண்டனில் 1681இல் வந்தது. உங்கள் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று தலைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கிளாஸ்கோவில் 1911இல் அச்சிட்ட பதிப்பு என்றால் வரியில் (நொக்ஸ், 1681/1911) என்று இரண்டு ஆண்டையும் போட வேண்டும். 1681 மட்டும் போட்டால் நீங்கள் கொடுக்கும் பக்க எண்ணில் அந்தச் செய்தி இருக்காது. 1911 மட்டும் போட்டால் நொக்ஸ் இருபதாம் நூற்றாண்டு ஆள் என்று ஒரு வாசகர் எண்ணிவிடுவார். அந்தப் பகுதியை நீங்கள் வேறொருவர் நூலில்தான் வாசித்தீர்கள் என்றால், அந்த நூலைப் பட்டியலில் போட்டு, வரியில் "நொக்ஸ், மேற்கோள்:" என்று அந்த நூலாசிரியரைக் காட்டுங்கள். வாசிக்காத நூலை வாசித்ததாகக் காட்டுவதை நான் எந்தப் பிள்ளைக்கும் விட்டுக் கொடுத்ததில்லை.

நூலகம் தளத்தில் எடுத்தவை அச்சு நூலின் படங்கள்தானே? அச்சு நூலுக்குக் கொடுப்பது போலவே ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம் எல்லாம் கொடுத்து, கடைசியில் அந்தப் பக்கத்தின் இணைய முகவரியைச் சேருங்கள். பக்க எண்ணைப் படத்துக்குள் அச்சில் தெரிவதிலிருந்து எடுங்கள். பி.டி.எஃப். காட்டும் எண், அட்டையையும் முன்னுரையையும் சேர்த்து எண்ணுவதால் பல பக்கம் தள்ளி நிற்கும்.

நேர்காணலும் பெயர் விடயமும் தனியாக எழுத வேண்டியவை. இரவு எழுதுகிறேன்.

தாதியியல் மாணவர்:

வாசகி அம்மா எழுதியதை வாசித்து நிறையத் தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கம் வான்கூவர் முறை. மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்கள் 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி ஒரே மாதிரி விதிகளை வகுத்ததால் அந்தப் பெயர். எது முதலில் வருகிறதோ அதற்கு 1, அடுத்ததற்கு 2. வாசிக்க வரி சுத்தமாக இருக்கும். ஆனால் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு கட்டுரையைப் புதிதாகச் சேர்த்தால் பின்னால் உள்ள அத்தனை எண்ணும் நகரும். கையால் எண் போட்டுச் சமாளிக்கவே முடியாது. இந்த முறைக்கு உவர்மலைத் தம்பி சொன்ன மென்பொருள் கட்டாயம்.

நான் எழுத வந்தது வேறு. எங்கள் குழுவில் ஒருவர் செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலியிடம் தலைப்பைக் கொடுத்து உசாத்துணைப் பட்டியல் வாங்கினார். பார்க்க அச்சு அசல் மாதிரி இருந்தது. சஞ்சிகையின் பெயர் உண்மை, தொகுதி எண்ணும் சரிபோல இருந்தது. தேடினால் அப்படி ஒரு கட்டுரையே இல்லை. நல்லவேளை, சமர்ப்பிக்கும் முன் தெரிந்தது. 2023இல் நியூயோர்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் இப்படி இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்ட செய்தி உலகம் முழுக்கப் போனது. எனவே ஒவ்வொரு டி.ஓ.ஐ. இணைப்பையும் ஒரு தடவை திறந்து, வரும் கட்டுரையின் தலைப்பு உங்கள் பட்டியலில் உள்ளதுதானா என்று பாருங்கள். இணைப்புத் திறக்கிறது என்பதோடு விட வேண்டாம். உண்மையான எண்ணுக்குப் பொய்த் தலைப்பு ஒட்டியிருந்ததையும் அந்தப் பட்டியலில் கண்டோம்.

கிண்ணியா மாணவி:

எல்லோருக்கும் ஜஸாக்கல்லாஹு ஹைரன். வாசகி அம்மா, சேருக்கு நீங்கள் சொன்ன மாதிரியே மின்னஞ்சல் அனுப்பினேன். பின்னேரமே பதில் வந்துவிட்டது. ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு சரி, தமிழ் மூலங்களை முதலிலும் ஆங்கில மூலங்களைப் பின்னும் பிரித்துப் போடச் சொல்கிறார்.

ஸொட்டெரோ நிறுவியாயிற்று. ஆனால் வளிமண்டலவியல் திணைக்களம் என்று கொடுத்தால் பட்டியலில் "திணைக்களம், வ." என்று வருகிறது! பெயர்களையும் நேர்காணலையும் பற்றி எழுதுங்கள் அம்மா, காத்திருக்கிறேன்.

உப்புவெளி வாசகி:

சேர் உடனே பதில் தந்தது சந்தோஷம். திணைக்களத்தை முதலில் சரி செய்வோம். ஸொட்டெரோவில் ஆசிரியர் கட்டம் இரண்டாகப் பிரிந்திருக்கும், கடைசிப் பெயர் ஒன்று, முதற் பெயர் ஒன்று. பக்கத்தில் சிறிய பொத்தான் ஒன்று இருக்கிறது, அதை அழுத்தினால் இரண்டும் ஒரே கட்டமாகும். நிறுவனம் எதுவானாலும் அந்த ஒற்றைக் கட்டத்தில் முழுப் பெயரையும் எழுதுங்கள். திணைக்களத்தின் அன்றாட எதிர்வுகூறல் பக்கம் ஒவ்வொரு நாளும் மாறுவதால் அதற்கு மட்டும் பார்த்த திகதியைக் கொடுங்கள். மாறாத அறிக்கைகளுக்கு ஏ.பி.ஏ.யில் அது தேவையில்லை.

ஆட்களின் பெயருக்கும் அதே இரண்டு கட்டம்தான் வில்லங்கம். நம்மவர்களில் தகப்பன் பெயர் முன்னால் எழுத்தாக நிற்கும், சொந்தப் பெயர் பின்னால் வரும். க. கைலாசபதி என்றால் ஆள் கைலாசபதி. பட்டியலில் "கைலாசபதி, க." என்று வரும். எம். ஏ. நுஃமான் "நுஃமான், எம். ஏ." ஆவார். தற்செயலாக அது மேற்கத்திய ஒழுங்கோடு பொருந்திவிடுவதால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பிரச்சினை வருவது தகப்பன் பெயரை முழுதாக எழுதி, அதையே வெளிநாட்டில் குடும்பப் பெயராகப் பின்னால் கொண்டுபோன ஆசிரியர்களிடம். அப்படிப்பட்டவர்கள் தங்கள் கட்டுரைகளில் எப்படிக் கையெழுத்து வைக்கிறார்கள் என்று பாருங்கள், மற்றவர்கள் அவர்களை எப்படி மேற்கோள் காட்டுகிறார்கள் என்று பாருங்கள், அதையே பின்பற்றுங்கள். சிங்களப் பெயர்களுக்கும் இதே வழி. கூகுள் ஸ்கொலர் தரும் மேற்கோளை அப்படியே ஒட்டி, ஒரே ஆள் இரண்டு பெயரில் பட்டியலில் நிற்பதை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அகரவரிசையில் இருவரும் வேறு வேறு மூலையில் நிற்பதால் கண்ணிலும் படாது.

இனி நேர்காணல். இதில்தான் எனக்கு அதிக அக்கறை.

உங்கள் ஆய்வுக்காக, அவர்களின் சம்மதத்தோடு, கேள்வி கேட்டுப் பதிவு செய்த நேர்காணல் உங்கள் தரவு. அது உசாத்துணைப் பட்டியலுக்குள் போகாது. "மீனவர் 4, மூதூர்" என்று ஒரு குறியீடு கொடுத்து, வரியில் அதைக் காட்டி, ஆய்வு முறை அத்தியாயத்தில் யார் யாரிடம், எந்த மாதத்தில், எங்கே எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். சம்மதப் படிவத்தில் பெயர் வெளியிட மாட்டோம் என்று சொல்லியிருந்தால், பின்னிணைப்பில்கூடப் பெயர் வரக்கூடாது. சின்ன ஊர், கரைவலைச் சம்மாட்டி (வலைக்குச் சொந்தக்காரர்) என்று சொல்லி வயதையும் போட்டாலே யாரென்று தெரிந்துவிடும். அதையும் யோசியுங்கள்.

ஆய்வுக்காக எடுத்த நேர்காணலாக அல்லாமல், ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்த அதிகாரி ஒருவரைத் தொலைபேசியில் கேட்டீர்கள் என்றால், அது ஏ.பி.ஏ.யில் தனிப்பட்ட தொடர்பாடல். வரியில் பெயரும் முழுத் திகதியும் போடுவீர்கள், பட்டியலில் போட மாட்டீர்கள். வாசகர் போய்ப் பார்க்க முடியாத ஒன்றைப் பட்டியலில் வைத்துப் பயனில்லை.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதைத்தான் எல்லோரும் தவற விடுகிறார்கள். கச்சான் காற்று எப்போது திரும்பும், வாடைக்காற்று தொடங்கும் முன் நீரோட்டம் எப்படி மாறும் என்று ஒரு பெரியவர் உங்களுக்கு விளக்கியிருப்பார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத அறிவு அது. அதை "மீனவர்கள் நம்புகிறார்கள்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் ஆங்கிலக் கட்டுரைக்காரருக்கு மட்டும் பெயரும் ஆண்டும் கொடுப்பது நீதியில்லை. எழுதி வைக்கப்படாத மரபறிவைத் தந்தவரை, அவர் சம்மதித்தால், பெயர், ஊர், திகதியோடு வரியிலேயே குறிப்பிடலாம் என்று ஏழாம் பதிப்பே இடம் தருகிறது. அந்தப் பெரியவரிடம் திரும்பப் போய்க் கேளுங்கள். சிலர் பெயர் வர வேண்டும் என்று விரும்புவார்கள். விரும்பாதவருக்குக் குறியீடு இருக்கிறது.

வாட்ஸ்அப் குரல் பதிவுகளும் தரவுதான். குழுவை நடத்துபவரிடமும், குரல் யாருடையதோ அவரிடமும் சம்மதம் வாங்காமல் எழுத வேண்டாம். வாங்கியபின் பதிவு அனுப்பப்பட்ட திகதியையும் நேரத்தையும் குறித்து, எழுத்தாக்கத்தைப் பின்னிணைப்பில் வையுங்கள். உங்கள் தலைப்புக்கு நேரமும் முக்கியம். காற்று மாறுவதை ஒருவர் விடியப்புறம் சொன்னாரா, வள்ளம் போனபின் சொன்னாரா என்பதே ஒரு கண்டுபிடிப்பாக இருக்கலாம்.

தமிழ்ப் பட்டியலில் ப., பக்., பதி. ஆகிய சுருக்கங்களையும் "மற்றும் பிறர்" என்பதையும் முதலிலேயே தீர்மானித்து, சுருக்கக் குறிப்புப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். வரியில் வந்த ஒவ்வொரு பெயரும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் வரியில் வந்திருக்கிறதா என்று தாளில் அச்சிட்டு, அடிமட்டம் வைத்துப் பாருங்கள். திரையில் பார்த்தால் தப்பும்.

ஸொட்டெரோவின் இணைப்பை நீக்கிச் சாதாரண எழுத்தாக மாற்றும்முன் கோப்பின் பிரதி ஒன்றை வேறு பெயரில் சேமித்து வையுங்கள். பரீட்சகர் திருத்தம் கேட்டால் அந்தப் பிரதிதான் கை கொடுக்கும். பட்டியல் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள் மகள், பார்த்துத் தருகிறேன்.

உவர்மலைத் தம்பி:

அம்மா, வசனமே மாறும் என்று நீங்கள் சொன்னது சரிதான். என் பழைய அறிக்கை ஒன்றை ஐ.இ.இ.இ.யிலிருந்து ஏ.பி.ஏ.க்கு மாற்றிப் பார்த்தேன், "[7] இன்படி" என்று எழுதியிருந்த இடமெல்லாம் உடைந்து நிற்கிறது. தங்கச்சி, இலவசக் கணக்கில் 300 மெகாபைட்தான் இணையச் சேமிப்பு. குரல் பதிவுகளை ஸொட்டெரோவுக்குள் ஏற்ற வேண்டாம், தனியாக வன்தட்டில் வையுங்கள்.